இன்னும் ஒரு அடி பின்னால

இதை வெளியே சொல்லாதே என்று என் தங்கை ஷதா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்கிறேன். ஏனென்றால் இது நடந்தது. எனக்கு நடந்தது. பஸ்ராவில், நோன்பு மாதத்தில், வெளிச்சம் முழுதாகப் போகாத ஒரு சாயங்காலத்தில். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று தைரியமாக இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போங்கள், பார்க்கலாம்.

என் பெயர் ஹாதிம். வீடுகளுக்கு டிஷ் மாட்டுவது தொழில். பழைய ஆட்சி விழுந்த வருஷம் அது. அதற்கு முன்னால் வீட்டில் டிஷ் வைத்திருந்தால் சிறை. பக்கத்து வீட்டுக்காரனே காட்டிக் கொடுப்பான். ஆட்சி விழுந்ததும் ஊரே மொத்தமாக மாடிக்கு ஏறிவிட்டது. குவைத்திலிருந்து லாரி லாரியாக ரிசீவர் வந்து இறங்கியது. பேரீச்சம்பழக் கடையில்கூட டிஷ் அடுக்கி வைத்து விற்றார்கள். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை.

எங்களுக்கு என்றால், எனக்கும் குதைருக்கும். பட்டாளத்தில் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் நாங்கள். அவன் "குனிடா" என்றால் குனிவேன். ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருக்க மாட்டேன். ஷதாவை அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தோம். பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். அதனால் கல்யாணத்துக்கு முன்பே அவன் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

டிஷ் மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்புவான். ஒருவன் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து கத்துவான். திரையில் இரண்டு கோடு ஓடும். ஒன்று பலம், ஒன்று தரம். பலம் சும்மாவே காட்டும். தரம் ஏறினால்தான் படம். மாடியில் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. கீழிருந்து வரும் குரல்தான் அவனுக்குக் கண். நான் எப்போதும் மாடி. குதைர் எப்போதும் கீழே.

அன்று உம் ஸினான் என்ற பெண் ஆள் அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரில் பிள்ளையின் பெயரைச் சேர்த்து அம்மாவை உம் என்றும் அப்பாவை அபூ என்றும் கூப்பிடுவோம். பழைய கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு. தெருப் பெயரைச் சொன்னதும் குதைர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்குப் போலாம் மச்சான். இன்னைக்கு நாக்கெல்லாம் காஞ்சு கிடக்கு."

"உனக்கு மட்டும்தான் நோன்பா? எந்திரி. நீ இல்லாம ஏணியப் பேயா தூக்கும்?"

வந்தான். ஆனால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். தூசியே இல்லாத நாளில் தலைத்துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலிலும் நான்தான் பேசினேன்.

"அபூ ஸினான் இல்லையா?"

"இல்ல" என்றாள் உம் ஸினான். முப்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா. "நீங்க வேலயப் பாருங்க தம்பி. வாசக் கதவு திறந்தே இருக்கட்டும். நான் அடுப்படியில இருக்கேன்."

வீட்டுக்காரர் எங்கேயோ வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிவி முன்னறையில் இருந்தது. புது ரிசீவரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினோம். கேபிளைச் சுருள் பிரித்தோம். அப்போதுதான் குதைர் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"கேபிள எந்த ஜன்னல் வழியா விடட்டும்?"

அடுப்படியில் ஏதோ விழுந்து உடைந்தது. உம் ஸினான் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கேட்டீங்க தம்பி?"

"கேபிள்… எந்த ஜன்னல்னு…"

"காது சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

குதைர் மூன்றாவது தடவை சொன்னான். ரொம்ப மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் ஜன்னலைக் காட்டவே இல்லை. அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் மாடிக்கு ஏறினேன். மணி நாலு இருக்கும். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்.

மாடியில் மூன்று பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். நான்காவது பக்கம், பின்சந்துப் பக்கம், சுவர் இல்லை. வசந்தத்தில் நடந்த சண்டையில் குண்டு விழுந்து பெயர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். தரையில் டிஷ் மாட்டுவதற்குத் துளை போட்ட தடம். புதுசு. ஒன்றல்ல, நாலு இடத்தில். நாலு பேர் வந்து மாட்டி, நாலு பேரும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல இடம், எதிரே மறைப்பே இல்லை. எதற்காகக் கழற்ற வேண்டும்?

"மச்சான்! இங்க ஏற்கனவே நாலு தடவ மாட்டிருக்காங்கடா!" என்று கத்தினேன்.

பதில் இல்லை.

டிஷ்ஷை அதன் இரும்புக் காலில் நிறுத்தினேன், இன்னும் தரையில் முடுக்கவில்லை. எகிப்துக்காரர்களின் சேனல்கள்தான் எல்லாருக்கும் வேண்டும். அந்தச் செயற்கைக்கோள் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே, கொஞ்சம் தாழ்வாக. அந்த மாதத்தில் சூரியன் இறங்குவதும் சரியாக அதே இடத்தில். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று பார்த்தால் வெயில் நேராகக் கண்ணுக்குள் குத்தும். எதுவுமே தெரியாது.

"வந்துச்சா?"

"பன்னெண்டு!" என்றான் குதைர். முன்பக்க ஜன்னலிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"இப்ப?"

"பதினாறு… இருபது… ஐயோ, தாண்டிட்டியே! வந்தத விட்டுட்டு எங்கடா போற? இப்படித்தான் உனக்குப் பொண்ணே அமையல!"

சிரித்தேன். அவன் பழைய குதைராகிவிட்டான் என்று சந்தோஷமாக இருந்தது.

"இப்ப?"

பதில் இல்லை.

"குதைர்… இப்ப வந்துச்சா?"

எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. பக்கத்துச் சந்தில் இன்னொன்று. பிறகு ஒன்று. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிஷ்ஷிலிருந்து கையை எடுத்து, சட்டையால் முகத்தைத் துடைத்தேன். அவன் தொழப் போயிருப்பான் என்று கைப்பிடிச் சுவரோரம் அரை மணி நேரம் சாய்ந்து கிடந்தேன்.

"வந்துருச்சு" என்றது குரல்.

குதைரின் குரல்தான். ஆனால் இப்போது பின்பக்கத்திலிருந்து வந்தது.

"எவ்வளவு?"

"புள்ளி புள்ளியா வருது."

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. புது ரிசீவரில் புள்ளி வராது. சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், இல்லையென்றால் கறுப்பாகிவிடும். புள்ளி மழையாகக் கொட்டியதெல்லாம் பழைய காலத்துப் பெட்டிகளில். அது போகட்டும். நான் டிஷ்ஷைத் தொடவே இல்லையே… எப்படி வந்தது?

"என்னடா புள்ளி? தரம் எவ்வளவுன்னு சொல்லு!"

"பக்கத்து வீட்டுத் தொட்டி மறைக்குது. பின்னால இழு."

பக்கத்து மாடியைப் பார்த்தேன். தொட்டி இல்லை. தொட்டி நின்ற இரும்புச் சட்டம் மட்டும், கரிந்து, வளைந்து நின்றது.

"தொட்டியே இல்லடா இங்க!"

"பின்னால இழு."

இழுத்தேன்.

ஏன் இழுத்தாய் என்று கேட்கிறீர்கள். சொன்னேனே, குதைர் சொன்னால் நான் யோசிக்க மாட்டேன். குனி என்றால் குனிவேன். இழு என்றால் இழுப்பேன்.

"வந்துச்சா?"

"புள்ளி கொறையுது… இன்னும் பின்னால."

டிஷ்ஷின் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். கிறீச்… கிறீச்… வெயில் கண்ணில் ஆரஞ்சாக நின்றது. டிஷ்ஷின் விளிம்பு தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"வந்துச்சா?"

"நல்லா வருது. இன்னும் பின்னால வா, அபூ ஸினான்."

அபூ ஸினானா? ஓ… வீட்டுக்காரர் வந்துவிட்டார் போல. குதைர் அவரோடும் சேர்த்துப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. குதைர் கத்தும்போது கடைசி எழுத்தை இழுப்பான். இந்தக் குரல் இழுக்கவில்லை. பக்கத்தில் யாரோ நின்றுகொண்டு அவனைச் சொல்ல வைப்பது போல… மூச்சை அடக்கிக்கொண்டு…

"மச்சான், உனக்கு என்னடா ஆச்சு?"

"இன்னும் பின்னால."

கிறீச்…

"இன்னும் கொஞ்சம்."

கிறீச்…

தெருவில் சத்தமே இல்லை. எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருக்கும் நேரம்.

"அபூ ஸினான்… இன்னும் ஒரு அடி பின்னால."

இந்தத் தடவை குரல் கீழிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வீட்டுக்காரர் மாடிக்கே ஏறி வந்துவிட்டார், பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். சலாம் சொல்லத் திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

மாடியும் இல்லை.

என் வலது குதிகால் காற்றில் நின்றது.

மூன்று மாடிக்குக் கீழே பின்சந்து.

டிஷ்ஷை விட்டேன். அது போய்விட்டது. விழுந்த சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது போல் இருந்தது.

நான் தரையில் குப்புறக் கிடந்தேன். விரல்கள் சிமெண்ட்டைப் பிடித்திருந்தன.

அப்போது பாங்கு கேட்டது…

ஒலிபெருக்கியில் இல்லை. வெறும் தொண்டையில். ரொம்ப தூரத்திலிருந்து, ஒரு கிழவர் கூப்பிடுவது போல.

ஒலிபெருக்கி ஏன் இல்லை?

கரண்ட் இல்லை.

ஜெனரேட்டர்கள் கிளம்பியபோதே கரண்ட் போய்விட்டது.

அப்படியானால் டிவி…

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முன்னறை இருட்டாக இருந்தது. டிவி செத்துக் கிடந்தது. ரிசீவரில் சிவப்புப் பொட்டு இல்லை. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. குதைர் இல்லை.

உம் ஸினான் விளக்கோடு வந்தாள். பின்சந்தில் டிஷ் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவள்.

"குதைர் எங்க?" என்றேன்.

"கரண்ட் போச்சுல்ல, அப்பவே எழுந்து போயிட்டார் தம்பி. முக்கால் மணி நேரமாச்சு. ரொட்டி வாங்கிட்டு வரேன்னு சைகை காட்டிட்டுப் போனார். வாயத் திறக்கல."

"இல்ல… இப்ப வரைக்கும் என்னக் கூப்பிட்டுட்டே இருந்தானே. பின்னால வா, பின்னால வான்னு."

"எனக்கு உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு. வந்துச்சா, வந்துச்சான்னு. கீழ ஆளே இல்லாம யாருகிட்ட கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

"பின்பக்கத்துலேர்ந்து கேட்டுச்சு. புள்ளி கொறையுது, தொட்டி மறைக்குதுன்னு… அபூ ஸினான்னு வேற."

விளக்கைத் தரையில் வைத்தாள். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பின்னறைய நாலு வருஷமா பூட்டி வெச்சிருக்கேன். முன்ன டிவி அங்கதான் இருந்துச்சு. என் புருஷன் நிஹாத், திருட்டுத்தனமா ஒரு டிஷ் வாங்கிட்டு வந்தார். பட்டாளத்துக் கூட்டாளி ஒருத்தன மாட்டித் தரச் சொல்லிக் கூட்டிட்டு வந்தார். நான் அடுப்படியில இருந்தேன். ஆள் முகத்தப் பாக்கல. குரலத்தான் கேட்டேன். பின்னறைலேர்ந்து அவன் கத்துறான். புள்ளி கொறையுது, பக்கத்து வீட்டுத் தொட்டி மறைக்குது, பின்னால வா அபூ ஸினான்னு. இவரும் டிஷ்ஷக் கட்டிப் புடிச்சிட்டுப் பின்னால வரார். அப்பல்லாம் அந்தப் பக்கம் சுவர் முழங்கால் ஒசரம்தான். கீழ சந்துல ஆளுங்கட்சி ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. கையும் டிஷ்ஷுமா பாக்கணுமாம். அதுக்குத்தான் அவர விளிம்புக்குக் கூப்பிட்டிருக்கான். 'அசையாத'ன்னு கீழேர்ந்து ஒருத்தன் கத்தினான். இவர் திடுக்குன்னு திரும்பினார், கால் தவறிடுச்சு… மூணு மாடி."

 நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எனக்கு டிவி வேணாம் தம்பி. ஆட்சி போனதும் டிஷ் மாட்டுற ஆளுங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். நாலு பேர் வந்தாங்க. மாட்டச் சொல்லி, பேச விட்டுக் கேட்டேன். அந்தக் குரல் இல்ல. கழட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். நீங்க அஞ்சாவது ஆளு."

"அவன் குரல்தானா? நல்லாத் தெரியுமா?"

"கேபிள எந்த ஜன்னல் வழியா விடட்டும்னு கேட்டான் பாருங்க… அன்னைக்கும் அதையேதான் கேட்டான்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு குதைரின் வீட்டுக்கு ஓடினேன். பொய் என்று அவன் வாயால் கேட்டால் போதும், அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்பிவிடுவேன். சத்தியமாக நம்பத் தயாராக இருந்தேன். அவன் அம்மா நோன்புக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத்தான் வந்தான், பைய எடுத்துட்டுப் போயிட்டான். நோன்பு கூடத் திறக்கல. உன்கூட வெளியூர் வேலைன்னானே? என்னப்பா, சண்டையா?"

அவளிடம் என்ன சொல்வது? இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு குதைரை நான் பார்க்கவில்லை. ஒரு வரி எழுதவில்லை. ஷதாவுக்கு எடுத்த கல்யாணத் துணி பிரிக்காமல் கிடந்தது. அவள் அழவில்லை. "அண்ணா, அவர் உன்னயும் அப்படித்தான் கூப்பிட்டாரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அந்தக் குரல் அவனுடைய பழைய பாவம், செங்கல்லில் ஒட்டிக் கிடந்து பேசுகிறது, அவன் அதற்குப் பயந்து ஓடினான் என்றே என்னைத் தேற்றிக்கொண்டேன். துரோகம் செய்தது நிஹாதுக்குத்தான், எனக்கில்லை. பதுங்குகுழியில் என் தலையை அழுத்திக் குனிய வைத்த கை அது. அந்தக் கையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

இப்போதெல்லாம் நான் தனியாகத்தான் வேலைக்குப் போகிறேன். சின்ன டிவி ஒன்றை மாடிக்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். கீழிருந்து யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

பெருநாள் கழிந்து கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் ரொட்டிக் கடைக்குப் போனேன். அந்த வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். கடைக்கார அபூ ஜவாத், சூடான சமூன் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"உன் கூட்டாளிக்கு இப்ப தேவலையா?"

"யாருக்கு?"

"குதைருக்குத்தான். நோன்புல ஒரு நாள், இங்க வரிசையில நின்னுட்டு என்ன கூத்தடிச்சான் தெரியுமா? சுவரப் பாத்துட்டு நிக்கிறான், கண்ணு ரெண்டும் மூடியிருக்கு, வாய் மட்டும் கத்துது. புள்ளி கொறையுது, பின்னால வா, இன்னும் ஒரு அடின்னு. எல்லாரும் ஒரே சிரிப்பு. பசி மண்டைக்கு ஏறிடுச்சுடா இவனுக்குன்னு நானும் சிரிச்சேன்."



"எப்ப?"

"பாங்குக்குக் கொஞ்சம் முன்ன. கரண்ட் போயிருந்துச்சே, அன்னைக்கு."

"அபூ ஸினான்… அபூ ஸினான்னு கூப்பிட்டானா?"

அபூ ஜவாத் யோசித்தார்.

"அபூ ஸினானா? அது யாரு? இல்லப்பா. உன் பேரத்தான் சொன்னான். ஹாதிம், இன்னும் ஒரு அடி பின்னால வா, ஹாதிம்னு. நீதான் எங்கயோ ஏணி மேல நிக்கிறியோன்னு நெனச்சு, நான் வெளிய வந்து எட்டிக்கூடப் பாத்தேன்."

ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவன் கூப்பிட்டது என்னைத்தான். என் பெயர் சொல்லித்தான்.

அந்த மாடியில் என் பெயர் கேட்டிருந்தால் நான் திரும்பியிருக்கவே மாட்டேன். அவன் சொன்னபடி கால் வைத்திருப்பேன்.

ரொட்டிக் கடைக்கும் அந்த மாடிக்கும் நடுவில் எங்கேயோ… யாரோ என் பெயரை எடுத்துவிட்டு, தன் பெயரை வைத்திருக்கிறார்.